எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு: திருகோணமலையில் மண்வீடு பூசும் முன்

தம்பலகாமத்தில் அம்மம்மாவின் மண் வீட்டுச் சுவரை விரல் மொளியால் தட்டிப் பார்த்தது இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. நல்ல மண் சுவரைத் தட்டினால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சுவர் வெறும் பானையைத் தட்டியது போல ஒலித்தது. இரண்டு மாரிக்கு முன்புதான் ஒரு மேசனைப் பிடித்து, கோழிக்கூட்டு வலை அடித்து, சீமெந்து பூசுவித்திருந்தோம். இனி வருசா வருசம் மெழுகத் தேவையில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். மூன்றாம் மாரியில் கிழக்குச் சுவரின் பூச்சு ஆளுயரத்துக்கு ஒரே பாளமாகக் கழன்று முற்றத்தில் விழுந்தது. பின்னால் இருந்த மண் பிட்டு மா போல ஈரமாய் உதிர்ந்தது. அதற்குள்ளே கறையான் வழி வழியாக ஏறியிருந்தது. வலையைத் தொட்டால் துருவாகக் கையோடு வந்தது.

அதே வளவில் பிறகு நான் கட்டிய சின்ன வீட்டுக்குச் சுவர் எழும்பி, கூரையும் ஏறிவிட்டிருந்தது. வெளிச்சுவர் வெயிலில் காயவைத்த பச்சை மண்கல். உள்ளே இரண்டு தடுப்பு மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் குச்சியால் வரிச்சுக் கட்டி மண் அப்பியது. மிச்சம் இருந்தது பூச்சு. மண்ணும் சாணகமும் என்கிறார்கள் பழைய ஆட்கள். படித்தவர்கள் சுண்ணாம்பு என்கிறார்கள். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்தால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. மேசன்மார் நாலாவதாக, "தம்பி, முழுக்கச் சீமெந்து பூசிவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார்கள். நாலையும் பின் சுவரில் சிறு சிறு சதுரமாகப் பூசி, ஒரு கச்சானும் (தென்மேற்கில் இருந்து வெக்கைக் காற்று வீசும் காலம்) ஒரு மாரியும் விட்டுப் பார்த்தேன். வீடு முழுக்க ஒரே பூச்சு என்று யோசித்ததுதான் நாங்கள் முதலில் விட்ட பிழை என்று இப்போது நம்புகிறேன். சுவருக்குச் சுவர் விழுகிற மழை வேறு. அதை வருசா வருசம் தொட்டுத் திருத்தப் போகிற கையும் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல.

முதலில் மழையைச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பிலோ கண்டியிலோ எழுதிய ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் வந்துவிடும். அந்த மழை நேராக விழுவதில்லை, வாடைக்காற்றோடு சரிந்து வரும். ஆகவே அடிபடுவது வடக்கும் கிழக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறியபோது எங்கள் பக்கத்து வளவில் இருந்த பழைய மண் வீட்டைக் காலையில் போய்ப் பார்த்தேன். தாழ்வாரம் மூன்றடி நீட்டிய பக்கத்தில் மெழுகின விரல் கோடுகூட அழியவில்லை. தாழ்வாரம் குட்டையாக இருந்த பக்கத்தில் மண் கரைந்து வரிச்சு விலா எலும்பு மாதிரித் தெரிந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மண், ஒரே கை. அதனால் பூச்சுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசில் ஒரு பங்கைத் தாழ்வாரத்துக்குப் போடுங்கள் என்றுதான் யாருக்கும் முதலில் சொல்வேன். அத்திவாரத்தையும் நிலத்தில் இருந்து ஒன்றரை அடியாவது கருங்கல்லில் உயர்த்த வேண்டும். கூரை நீர் முற்றத்தில் விழுந்து தெறிக்கும் உயரம் அதுதான். அந்த உயரத்துக்குள் எந்த மண் பூச்சும் நிற்காது.

இனி மண். எங்கள் மாவட்டத்தில் இது பெரிய விசயம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரை முழுக்க மணல்தான், பிடிப்பு இல்லை. தம்பலகாமத்து வயல் மண் அதற்கு நேர் எதிர். கோடையில் வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது சுவரில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. களி, தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மணல் அந்தச் சுருக்கத்தைத் தாங்கும் எலும்பு. வைக்கோல் அதை இழுத்துப் பிடிக்கும் நரம்பு. மேற்கே உள்நாட்டுப் பக்கம் போகப் போக வரும் செம்மண் பூச்சுக்கு நடுத்தரமானது, எங்கள் கலவைக்கு அதையே எடுத்தோம். மேல் மண்ணை எடுக்காதீர்கள், அதில் வேரும் இலைக்குப்பையும் இருக்கும். கிணறு வெட்டும்போது இரண்டு அடிக்குக் கீழே வருகிற மண் நல்லது. புற்றுமண்ணும் நல்லது, கறையான் மென்று கட்டியதால் நைசாக, பிடிப்பாக இருக்கும், அடுப்புப் போடுவதற்கு எங்கள் பெண்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். பால் வார்த்துக் கும்பிடுகிற புற்றைத் தொடவேண்டாம்.

மண்ணைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிசத்தில் அடியில் படிவது மணல். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது வண்டல். தண்ணீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக் கடைசியில் படிவதுதான் களி. வண்டல் அடுக்குத் தடிப்பாக இருந்தால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள். அது பார்க்கக் களி போல நைசாக இருந்து ஏமாற்றும், ஆனால் ஒட்டும் சக்தி கிடையாது.

போத்தல் காட்டுவது பாதிதான், மிச்சத்தைச் சுவர் சொல்லும். நான் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று கலவை பூசினேன். மண்ணும் ஆற்றுமணலும் சமபங்கு போட்டது இரண்டாம் நாளே ஆமை ஓடு மாதிரி வெடித்தது. ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு மணல் போட்டது வெடிக்கவில்லை, ஆனால் உள்ளங்கையால் தடவினால் வெள்ளைச் சேட்டில் பொடி ஒட்டியது. ஒன்றுக்கு இரண்டு போட்டு, விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலும் சேர்த்தது நின்றது. இது என் மண்ணின் கணக்கு. உங்கள் மண்ணில் ஏற்கெனவே மணல் கூடுதலாக இருந்தால் இன்னும் குறைவாகவே சேர்க்க வேண்டிவரும். கடல் மணலை எவ்வளவு கழுவித் தருகிறோம் என்றாலும் வாங்க வேண்டாம். உப்பு ஈரத்தோடு மேலே வந்து படிகமாகி, பூச்சின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அதையே செய்யும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

மண்ணும் சாணகமும்தான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் மன்னிப்புக் குணம் உள்ளது. பிழைத்தால் தண்ணீர் தெளித்துச் சுரண்டி, அதே மண்ணை ஊறவைத்துத் திரும்பவும் பூசலாம். சாணகத்தில் உள்ள நாரும் வழுவழுப்பும் வெடிப்பைக் குறைக்கும், மேல் முகத்தில் நீர் பிடிப்பதையும் குறைக்கும். எனக்கு இதைக் கைபிடித்துக் காட்டியது பக்கத்து வளவு மாமி. சாந்தகப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "மகன், முதல்ல கையால போடு. மண் கையில ஒட்டக்கூடாது, சுவரிலதான் ஒட்டவேணும்" என்றார். கலவை கையில் ஒட்டினால் களி கூடிவிட்டது, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. சாணகத்தை அன்றன்றைக்கு எடுத்துப் போடவும் அவர் விடவில்லை. மண்ணோடு பிசைந்து மூன்று நாள் சாக்கால் மூடிவைத்தோம். நாலாம் நாள் மணம் மாறி, கலவை வெண்ணெய் போல இழுபட்டது. சுவரை முதலில் நனைத்து, மோர்ப் பதத்தில் கரைத்த களித்தண்ணீரைத் துடைப்பத்தால் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடிப்பூச்சுப் போட வேண்டும். அதைத் தென்னை ஈர்க்கால் கீறிவிட்டு நன்றாகக் காயவிட வேண்டும். மேல்பூச்சுக்கு அரிதட்டில் அரித்த மண், மெல்லிதாக, ஒரு தோசைத் தடிப்பு.

இதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழை நேரே அடித்தால் கரையும், ஒவ்வொரு வருசமும் தொட வேண்டும். முன்னே அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மாரி ஓயும்போது தைப்பொங்கல் வரும், பொங்கலுக்கு வீடு மெழுகுவார்கள், மழை கரைத்தது அத்தோடு சரியாகிவிடும். பண்டிகையும் பராமரிப்பும் ஒரே நாளில் முடிந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள், கூலி இல்லாமல், குனிந்த முதுகோடு. இன்றைக்கு மண்வீட்டைப் புகழ்கிறவர்கள் அந்த முதுகைக் கணக்கில் சேர்ப்பதில்லை, எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டில் இருக்கும் எல்லோரும், ஆண்களும் சேர்ந்து, வருசத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியுமென்றால் மண் பூச்சை எடுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் வெளிச்சுவருக்கு இதை எடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பு மழைக்கு நிற்கும், அதே நேரம் சுவரை மூச்சுவிடவும் விடும். போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றதே 1824-ல். போர்த்துக்கேயர் 1624-ல் தொடங்கிய எங்கள் திருகோணமலைக் கோட்டைக்கு அந்த வசதி கிடையாது, சுண்ணாம்புதான். பிரச்சினை, நல்ல சுண்ணாம்பு கிடைப்பதில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கரையோரம் எங்கும் கடலுக்குள் இருந்து முருகைக்கல் (பவளப்பாறை) எடுத்துச் சூளையில் சுட்டார்கள். கரையோரத்தில் அதை இப்போது சட்டம் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு 2003-ல் தேசிய பூங்காவானது அந்த முருகைக்கற்களுக்காகவும்தான். யாராவது "கடற்கல் சுண்ணாம்பு, மலிவு" என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மாத்தளைப் பக்கம் நிலத்தடிச் சுண்ணக்கல்லைச் சுட்டு வருகிற சுண்ணாம்பு வேலைக்குப் போதும்.

கடையில் இன்னொரு பொறி இருக்கிறது. தென்னைக்குப் போடுகிற டொலமைட் தூள் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரியே இருக்கும், விலையும் குறைவு. அது சுடாத கல்லை அரைத்த தூள், சுவரில் எத்தனை வருசம் கிடந்தாலும் இறுகாது. சுட்ட சுண்ணாம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். வாய் திறந்து நாள்பட்ட மூட்டையும் வேண்டாம், காற்றைக் குடித்து அது பாதி கல்லாகியிருக்கும். வாங்கியதைப் பீப்பாயில் தண்ணீருக்கு அடியில் குறைந்தது இரண்டு கிழமை ஊறவிடுங்கள். தண்ணீர் மூடியிருக்கும்வரை கெடாது, நாள் போகப் போக இன்னும் நைசாகும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவேண்டாம். பிள்ளைகளைக் கிட்ட விடவே கூடாது.

பச்சை மண் சுவரில் முக்கால் அங்குலத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுவது எனக்குத் திருப்தி தரவில்லை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டுப் பூசிய சதுரம் நன்றாக இறுகியது, ஆனால் ஓரத்தில் மண்ணை விட்டு நெகிழத் தொடங்கியது. மண்ணும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று இயல்பாக ஒட்டுவதில்லை, ஆழமாகக் கீறிவிட வேண்டும், நல்ல கைப்பழக்கம் வேண்டும். அதற்குப் பதிலாக மண் அடிப்பூச்சும் மண் மேல்பூச்சும் போட்டு, அதன்மேல் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை நாலைந்து தடவை அடித்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் முன் சுவரை நனைத்து. கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் செதில் செதிலாக உரியும். அந்தச் சதுரம்தான் மாரி முழுக்க ஆடாமல் நின்றது. மண்ணோடு சேர்ந்து அசையும் அளவுக்கு மெல்லிசு, மழையின் முதல் அடியைத் தாங்கும் அளவுக்கு உறுதி.

கடுக்காயும் பனங்கட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பது தமிழ்க் கட்டிட வேலையில் பழைய வழக்கம். பனங்கட்டி எங்களுக்குக் கிடைக்கிற பொருள், கடுக்காய் நாட்டுமருந்துக் கடையில் இருக்கும். சேர்த்துப் பார்த்தேன், கை நன்றாக வழுக்கியது. ஒரு மாரிக்குள் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் பூசினால் நீர் ஏறாது என்று சொல்லித் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும், தேங்காயெண்ணெய் ஒருநாளும் இறுகாது, பிசுக்கும் தூசியும்தான் மிஞ்சும்.

மண்ணோடு சீமெந்து கலக்கும் வழி கேட்க நல்லது, ஆனால் எந்த மண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணல் கூடிய மண்ணைச் சீமெந்து நன்றாகப் பிடிக்கும். களி கூடிய மண்ணைப் பிடிக்காது, அதற்குச் சுண்ணாம்புதான் பொருந்தும். நிலாவெளிப் பக்கம் சீமெந்து சேர்த்து அழுத்திய மண்கல்லில் கட்டியவர்கள், ஒரு பங்கு சீமெந்துக்கு எட்டுப் பத்துப் பங்கு மண்மணல் கலவை போட்டுப் பூசலாம், சுவரும் பூச்சும் ஒரே சாதி என்பதால் நிற்கும். என் பச்சை மண்கல்லுக்கு அது ஒவ்வாது. கலந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்கவேண்டும், பிறகு ஒரு கிழமை நனைக்க வேண்டும். பிழைத்தால் திரும்ப ஊறவைக்க முடியாது, உடைத்துக் கொட்டத்தான் வேண்டும். மண்ணின் மன்னிப்புக் குணம் போய்விடும், சீமெந்தின் முழுப் பலமும் வராது.

முழுச் சீமெந்தைப் பற்றி அம்மம்மாவின் சுவர் சொல்லிவிட்டது. சீனக்குடாவில் சீமெந்து ஆலையே இருக்கும் ஊர் எங்களுடையது, எடுத்த எடுப்பில் ஆட்கள் அதையே நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. சீமெந்துக் கல் சுவருக்கு, கிணற்றடிக்கு, அத்திவாரத்தின் முகத்துக்கு அதைப் பூசுங்கள். பச்சை மண் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும், சீமெந்து அசையாது. மயிரிழை வெடிப்பால் உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழி இல்லாமல் மண்ணுக்குள்ளேயே நிற்கும். வெளியே பார்க்க வீடு புதிதாக இருக்கும்போதே உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். மண் பூச்சின் பழுது கண்ணுக்குத் தெரியும், சீமெந்தின் பழுது ஒளிந்திருக்கும். எனக்குப் பெரிய வித்தியாசம் அதுதான்.

குளிர்ச்சியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மண் பூசினால் வீடு குளிரும் என்று நம்பிச் சீமெந்துக் கல் சுவரில் மண் பூசுகிறவர்கள் ஏமாறுவார்கள். கச்சான் வெயிலைத் தாங்குவது சுவரின் தடிப்பும் கூரையின் நிழலும்தான். முக்கால் அங்குலப் பூச்சு அறையின் ஈரக்காற்றைக் கொஞ்சம் குடித்துக் கொஞ்சம் விடும். புழுக்கம் குறைந்த மாதிரித் தோன்றும். அவ்வளவுதான்.

ஆகவே நான் எடுத்த முடிவு இப்படி. வடக்கும் கிழக்கும் மண் பூச்சு, அதன்மேல் ஐந்து தடவை சுண்ணாம்பு. தெற்குப் பக்கம் திண்ணைக்கு மேலே கூரை முழுக்க மூடியிருக்கிறது, அங்கே மண்ணும் சாணகமும் போதும். மேற்குச் சுவரும் அப்படியே, ஆனால் அங்கே கச்சான் நேரே அடிக்கும் என்பதால் வைக்கோல் கொஞ்சம் கூடுதல். உள் தடுப்புக்கு மண்ணும் மெல்லிய மணலும் போட்டு, கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சிக் கலந்தோம். தடவினால் பொடி வராது, பிள்ளைகள் சாய்ந்து விளையாடலாம். வெளியே மாக்கூழ் வேண்டாம், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அத்திவாரக் கருங்கல்லுக்கு மட்டும் சீமெந்துச் சாந்து.

அளவைப் பார்ப்போம். வீடு 20 அடிக்கு 15 அடி, சுவர் 9 அடி உயரம். சுற்று 70 அடி, ஆக 630 சதுர அடி. கதவு யன்னல் கழித்தால் 550. முக்கால் அங்குலத் தடிப்புக்கு 34 கனஅடி பூச்சு. மண்ணும் மணலும் கலந்தால் அளவு குறையும், சிந்துவதும் உண்டு. அதனால் பாதிக் கூட்டி, 50 கனஅடி, அதாவது அரைக் கியூப் என்று எடுத்தோம். அதில் மூன்றில் இரண்டு மணல். உள் தடுப்புக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

காலம் தவறினால் இந்தத் தெரிவெல்லாம் வீண். மாசி பிறந்ததும் தொடங்கினோம். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குடித்து இறுகுவதால் அதற்கு ஈரமும் வேண்டும், பல கிழமையும் வேண்டும். கச்சான் தொடங்கிய பிறகு அடித்தால் இறுகும் முன்பே காய்ந்து மாவாகிவிடும். மண் பூச்சைக் கச்சானிலும் செய்யலாம், விடியக் காலையில் பூசிப் பத்து மணிக்குள் நிறுத்தி, நனைத்த சாக்கைத் தாழ்வாரத்தில் இருந்து தொங்கவிட்டால். ஆவணிக்குப் பிறகு வெளிச்சுவரைத் தொடவேண்டாம், அடிப்பூச்சுக் காயும் முன்பே மழை வந்துவிடும்.

பூசி முடித்தபோது மேல்பூச்சு மண் இரண்டு தாச்சி மிஞ்சியது. மாமி அதை வட்ட வட்டமாக அடை மாதிரித் தட்டி, வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி அடுக்களைப் பரணில் போடச் சொன்னார். மாரி முடிந்ததும் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, மழை தொட்ட இடத்தைப் பார்த்து, ஒரு அடையை வாளியில் ஊறப்போட்டால் இரவுக்குள் கரையும். அதே மண், அதே நிறம். சுவர் காய்ந்ததும் பூசின இடம் தெரியாது.